சிலுவையில் இருந்து வரும் புகை

2010-இல் வந்த 'தி லாஸ்ட் எக்ஸார்சிசம்' படத்தில், பேயோட்டும் போதகர் ஒருவர் தன் தொழில் ரகசியத்தைக் கேமரா முன் தானே போட்டு உடைக்கிறார். சிலுவையில் புகை வருவது எப்படி, பேயின் உறுமல் எங்கிருந்து ஒலிக்கிறது, எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார். அவருக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. சரி, நமக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும், லூசியானா பண்ணைவீட்டுப் பெண் முதுகை வில்லாக வளைக்கும்போது அடிவயிறு கலங்குகிறது. அதில் கிராபிக்ஸ் இல்லை. நடிகை ஆஷ்லி பெல் நிஜமாகவே வளைந்தார். படத்தின் செலவு சுமார் 18 லட்சம் டாலர், வசூல் 6 கோடிக்கு மேல்.

இவ்வளவு மலிவாக மூளையை எப்படி ஏமாற்ற முடிகிறது?

முதலில் காது. நாம் சாதாரணமாகப் பேசும்போது ஒலியின் பலம் நொடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கும். அலறலில் அது 30 முதல் 150 முறை. 2015-இல் நரம்பியல் ஆய்வாளர்கள் லூக் அர்னால், டேவிட் போப்பல் குழுவினர் இந்தக் கரகரப்பை அளந்தார்கள். கரகரப்பு கூடக்கூட, கேட்பவர்களின் மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா அதிகமாகத் தூண்டப்பட்டது. பேய் பிடித்தவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினால் நமக்கு ஏன் தூக்கிவாரிப்போடுகிறது என்பது இதில் புரிகிறது. செலவு, ஒரு நல்ல மைக்.

அடுத்தது, ஒன்றும் நடக்காத காட்சி. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற பேய்ப்படத்தை இயக்குநர் ஓரன் பெலி சுமார் 15,000 டாலரில் தன் சொந்த வீட்டிலேயே எடுத்தார். இரவில் படுக்கையறையில் ஸ்டாண்டில் நிற்கும் கேமரா அசையாது. எங்கே பார்ப்பது என்று யாரும் காட்டித் தராததால் கண் கதவுக்கும் கட்டிலுக்குமாக அலைகிறது. புதரில் சலசலப்பு கேட்டால் காற்று என்று நினைத்து ஏமாறுவதைவிட, புலி என்று நினைத்து ஓடுவது உயிருக்கு லாபம். அதனால்தான் எதிலும் 'யாரோ இருக்கிறார்கள்' என்று மூளை அவசரப்படுகிறது என்கிறார் உளவியலாளர் ஜஸ்டின் பாரெட். கடவுள் நம்பிக்கைக்கே இதில் ஒரு வேர் இருக்கலாம் என்பது அவர் வாதம். இந்தப் படத்தில் பேய் வருவதற்கு முன் ஒரு தாழ்ந்த ரீங்காரம் கேட்கும். இரண்டு மூன்று இரவு போனால் போதும், மணியடித்தாலே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் மாதிரி, ரீங்காரம் கேட்டதுமே நமக்கு வியர்க்கும்.

மதம் இங்கே என்ன செய்கிறது? பெரிய செட்டின் வேலையை. சிலுவையைக் காட்டினால் போதும், பேய்க்கு எது ஆகாது என்ற விதிமுறை முழுவதும் நம் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சிலுவையே எரிந்து கிடந்தால், விளக்கமே தேவையில்லை.

என்னைக் கேட்டால், 'லாஸ்ட் எக்ஸார்சிசம்' ஒரு படி மேலே போகிறது. அந்தப் பெண்ணுக்கு மனநோயா, பேயா? இரண்டுக்கும் சமமாகத் தடயம் வைக்கிறார்கள், மூளையால் வழக்கை முடிக்க முடிவதில்லை. ஆனால் கடைசி நிமிடங்களில் (பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்) தீ மூட்டி, கூட்டம் கூட்டி, எது உண்மை என்று காட்டிவிடுகிறார்கள். எனக்குப் பயம் தெளிந்தது அங்கேதான்.