ஹோலி போன்சாயை மொட்டையடிக்காதீர்கள்

போன வைகாசியில் பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அக்கா, செடியை மடியில் வைத்தபடி ஆட்டோவில் என் நர்சரிக்கு வந்து இறங்கினார். முக்கால் முழம் உயர ஹோலி மரம், தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் போன்சாய். அதில் ஓர் இலைகூட இல்லை. "அண்ணாச்சி, இலையெல்லாம் எடுத்துட்டா சின்ன சின்ன இலையா திரும்ப வரும்னு வீடியோல சொன்னாங்க. ஒரு மாசமாச்சு, துளிரையே காணோம்" என்றார். தொட்டி மண்ணில் விரலை விட்டேன், சேறாக இருந்தது. இலை இருந்தபோது ஊற்றிய அதே தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

புதிதாக வளர்ப்பவர்களிடம் இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். முழுசாக இலை பறிப்பது ஆல், அத்தி வகைகளுக்குச் சரி. அவை தண்டிலும் வேரிலும் சத்தைச் சேர்த்து வைத்திருக்கும், பறித்த சில வாரத்தில் குபுகுபுவென்று துளிர்த்துவிடும். ஹோலி மெதுவாக வளர்வது. கைப்பிடி மண்ணில் நிற்கும் இளம் மரத்துக்கு அன்றன்றைய சாப்பாட்டை இலைதான் செய்து கொடுக்கிறது. வேர் இழுக்கும் தண்ணீர் ஆவியாவதும் இலை வழியாகத்தான். இலை இல்லாவிட்டால் தண்ணீர் மண்ணிலேயே நிற்கும், காற்றில்லாமல் வேர் அழுகும். நான் பார்த்தவரை, இலை பறித்த பிறகு மரத்தைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான்.

உங்களிடம் இருப்பது எந்த ஹோலி என்று முதலில் பாருங்கள். நம் பக்கம் நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் சிங்கப்பூர் ஹோலி. பெயரில்தான் சிங்கப்பூர், பிறப்பிடம் கரீபியன் தீவுகள். தாவரவியலில் மால்பீஜியா காக்சிஜெரா. ஜப்பானியர்கள் போன்சாயாக வளர்க்கும் அசல் ஹோலி, ஐலெக்ஸ் என்ற வேறு இனம். கணுவைப் பார்த்தால் தெரிந்துவிடும்: இலைகள் ஜோடியாக எதிரெதிரே இருந்தால் சிங்கப்பூர் ஹோலி, ஒவ்வொன்றாக மாறி மாறி வந்தால் ஐலெக்ஸ். ஐலெக்ஸில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி, பழம் பெண் மரத்தில்தான். குளிர்ச்சி வேண்டிய அதை நம் கத்திரி வெயிலில் காப்பாற்றுவது பெரும்பாடு. ஆரம்பிக்கிறவர்கள் சிங்கப்பூர் ஹோலியோடு ஆரம்பியுங்கள்.

அதன் இலை சிறுக்க வேண்டுமென்றால் கொழுந்தை வெட்டுங்கள், அது போதும். கொழுந்து நாலைந்து ஜோடி இலை விடும்வரை பொறுத்திருந்து, அடியில் ஒன்றிரண்டு ஜோடியை விட்டுக் கணுவுக்குச் சற்று மேலே கூரான கத்தரியால் நறுக்குங்கள். மீதமிருக்கும் இலைக் கக்கங்களிலிருந்து, அதாவது காம்பு தண்டோடு சேரும் இடத்திலிருந்து, இரண்டு கிளை வரும். இப்படியே நறுக்க நறுக்கக் கிளை அடரும், இலையும் தானாகச் சிறுக்கும். உள்கிளைகளுக்கு வெளிச்சம் விடாமல் மறைக்கும் பெரிய இலைகளை மட்டும் தனியாக எடுக்கலாம். கையால் பிய்க்கக் கூடாது, பிய்த்தால் கக்கத்து மொட்டும் சேர்ந்து வந்துவிடும். காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் வெட்டுங்கள், காம்பு காய்ந்து தானே உதிரும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மண் மாற்றி இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மாவுப்பூச்சி இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள்.

நம் ஊருக்குத் தை, மாசியும் ஆவணிக் கடைசியும் தோது. சித்திரை, வைகாசியில் கத்தரியைத் தொடவே தொடாதீர்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அரை நாளில் தொட்டியைக் காய வைத்துவிடும், அப்போதும் வேண்டாம்.

மற்றபடி, காலை வெயில் நாலைந்து மணி நேரம் போதும். கோடையில் மொட்டைமாடித் தரையில் தொட்டியை வைக்காமல் பலகை மேல் ஏற்றி, மேலே பச்சை வலை கட்டுங்கள். வெறும் கரிசல் மண் ஆகாது. சலித்த செங்கல் பொடிக்கல், பெருமணல், மக்கிய தொழுவுரம் கலந்தால் ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் வடியும். தண்ணீருக்குக் கணக்கு வைக்காதீர்கள். ஒரு குச்சியை மண்ணில் பத்து நிமிஷம் செருகி எடுத்து, ஈரம் ஒட்டவில்லை என்றால் ஊற்றுங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனியும் கருகும். அப்படி இருந்தால் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஐப்பசி மழை வந்தால் தொட்டியை நன்றாக நனைய விடுங்கள்.

அந்த அக்காவின் மரத்தண்டை நகத்தால் லேசாகக் கீறினேன், உள்ளே பச்சை இருந்தது. அழுகிய வேரை நறுக்கிவிட்டு, புது மண்ணில் வைத்து, புண்ணாக்குத் தண்ணீர் எதுவும் காட்டாமல் நிழலில் வைத்திருந்தேன். ஆடி பிறந்தபிறகு அடிக்கிளையில் இரண்டு கணுக்களில் மட்டும் துளிர் வந்தது. மேல்கிளைகள் எல்லாம் போய்விட்டன.