கிளாக்கோமாவும் விழித்திரை நோயும் சேர்ந்தவருக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்: பார்வைப் புலத்தையும் அளக்கச் சொல்லுங்கள்

கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவுக்கு ஒரு பிரிவிலும், சர்க்கரையால் கெட்ட விழித்திரைக்கு வேறொரு பிரிவிலும் சிகிச்சை பெறுபவர், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு பரிசோதனையின் முடிவோடு போய் நிற்கிறார். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் எந்த வரி வரை வாசித்தார் என்பதே அந்த முடிவு. சட்டமோ இரண்டு அளவுகளைப் பார்க்கச் சொல்கிறது.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பார்வைக் குறைபாட்டை, எழுத்துப் பலகையில் தெரியும் கூர்மையாலும், நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு அகலம் தெரிகிறது என்ற பார்வைப் புலத்தாலும் வரையறுக்கிறது. இயன்ற அளவு கண்ணாடி போட்டுத் திருத்திய பிறகும் நல்ல கண்ணின் கூர்மை 3/60க்குக் கீழே இருந்தாலோ, அதாவது மற்றவர் 60 மீட்டரில் காணும் எழுத்தை 3 மீட்டரில்கூடக் காண முடியாவிட்டாலோ, பார்வைப் புலம் 10 டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தாலோ அது பார்வையின்மை. கூர்மை 6/18ஐத் தாண்டாமல் 3/60 வரை இருந்தாலோ, புலம் 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை சுருங்கியிருந்தாலோ அது குறைபார்வை. இந்தச் சட்ட வாசகத்தில் நோயாளி பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் ‘அல்லது’ என்பதுதான். இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும்.

இரண்டு நோய்களும் ஒருவருக்கே வருவது தற்செயல் மட்டுமன்று. சர்க்கரை நோய் முற்றி விழித்திரைக்கு ரத்தம் போதாமல் போகும்போது புதிய, பலவீனமான ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை கருவிழிப் படலத்தின் (ஐரிஸ்) மீதும் படர்ந்து, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணத்தை அடைத்துவிட்டால் அழுத்தம் வேகமாக ஏறுகிறது. விழித்திரையின் மையச் சிரை அடைபட்டவருக்கும் இதே கதிதான். அடைப்புக்குப் பின் மூன்று மாத அளவில் வரக்கூடும் என்பதால் ‘தொண்ணூறு நாள் கிளாக்கோமா’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. விழித்திரை வீக்கத்துக்குக் கண்ணுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும், விழித்திரை அறுவை சிகிச்சையில் நிரப்பும் சிலிக்கான் எண்ணெயும் சிலருக்கு அழுத்தத்தைக் கூட்டுகின்றன. கிளாக்கோமா பார்வை நரம்பை அரித்துப் பக்கவாட்டுப் பார்வையைத்தான் பெரும்பாலும் முதலில் தின்னும். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வீங்கினால் வாசிக்கும் பார்வை போகும். இவை போதாதென்று, சர்க்கரை விழித்திரை நோய்க்குச் சுற்றிலும் பரவலாகப் போடப்படும் லேசர், பார்வையைக் காக்கும் அதே வேளையில் ஓரப் பார்வையைச் சற்றுக் குறைக்கவும் செய்கிறது. ஆகவே இத்தகையவரை எழுத்துப் பலகையால் மட்டும் அளப்பது, கிணற்றின் ஆழத்தைப் பார்க்காமல் வாயகலத்தை மட்டும் அளப்பது போன்றதாகும்.

சதவீதக் கணக்கில் இதனால் ஏற்படும் வேறுபாடு சிறியதன்று. மத்திய அரசு வெளியிட்டுள்ள மதிப்பீட்டு வழிகாட்டியின் அட்டவணையைக் கொண்டு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவருக்கு வலது கண் 6/12. இடது கண்ணில் கை அசைவு மட்டுமே தெரிகிறது. கூர்மையை மட்டும் எடுத்துக்கொண்டால் இவர் ஒற்றைக் கண் பார்வையுடையவர், 30 சதவீதம். ஆனால் அதே வலது கண்ணின் புலம் 30 டிகிரிக்குச் சுருங்கியிருப்பது பதிவானால், நல்ல கண்ணுக்கான ‘40க்குக் கீழே 20 டிகிரி வரை’ என்ற வரிசையில் வந்து 60 சதவீதமாகிறது. புலம் 15 டிகிரி என்றால் 80 சதவீதம். சட்டம் ‘குறிப்பிட்ட அளவு’ என்று வைத்திருக்கும் கோடு 40 சதவீதம். இட ஒதுக்கீடு உள்ளிட்ட முக்கியமான சலுகைகள் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு காகிதம் கோப்பில் இருந்ததா இல்லையா என்பதே இவரைக் கோட்டின் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தீர்மானிக்கிறது.

அந்தக் காகிதம்தான் பார்வைப் புலப் பரிசோதனை அறிக்கை. நோயாளிகள் வழக்கில் ‘ஃபீல்டு டெஸ்ட்’. இருட்டறையில் தாடையைத் தாங்கியில் பதித்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் உள்ள புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அங்கங்கே மின்னும் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இரு நோயும் உள்ளவருக்கு இங்கேதான் சிக்கல்: மாக்குலா கெட்டவருக்கு நடுப்புள்ளியே சரியாகத் தெரியாது, பார்வை நழுவிக்கொண்டே இருக்கும், அறிக்கையும் ‘நம்பத்தக்கதல்ல’ என்று வரும். அப்படி வந்தால் சோர்ந்து விட்டுவிடாமல், நன்றாக ஓய்வெடுத்துவிட்டு இன்னொரு நாள் திரும்பச் செய்து தரும்படி கேட்பதில் தவறில்லை. பெரிய நிலைப்புள்ளியை வைத்துச் செய்யவும், நடு 10 டிகிரியை மட்டும் நெருக்கமாக அளக்கவும் கருவியிலேயே வழி உண்டு.

விண்ணப்பம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வழங்கும் ஸ்வாவலம்பன் இணையதளத்தின் வழியாகவே செல்கிறது. சொந்தமாகச் செய்ய இயலாதவர் இ-சேவை மையத்தையோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ நாடலாம். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று ஆகியவற்றோடு கிளாக்கோமா, ரெட்டினா ஆகிய இரு பிரிவுகளின் சீட்டுகளையும், லேசர் அல்லது ஊசி போட்ட விவரங்களையும், புல அறிக்கையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நிலைமை மாறக்கூடும் என்று மருத்துவர் கருதினால் காலவரம்பு குறித்த தற்காலிகச் சான்றிதழும், இல்லாவிட்டால் நிரந்தரச் சான்றிதழும் வழங்கப்படும். புலம் அளக்கப்படாமலே சதவீதம் குறிக்கப்பட்டதாகத் தோன்றினால், முடிவு வந்த 90 நாட்களுக்குள் மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம்.

கிடைப்பவை பல. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்கள், அரசுப் பணியில் பார்வைக் குறைபாட்டுக்கென 1 சதவீத ஒதுக்கீடு, பழைய வரிமுறையில் 75,000 ரூபாய் (80 சதவீதம் முதல் 1,25,000 ரூபாய்) வருமான வரிக் கழிவு என்பவை பரவலாக அறியப்பட்டவை. ஆனால் நடுவயதில் இந்த நோய்களில் சிக்குபவருக்கு இவற்றையெல்லாம் விடப் பயனுள்ளது, அதிகம் பேசப்படாத பிரிவு 20(4) என்பது என் கருத்து. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதமும் பணிப் பலன்களும் உள்ள வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணி இல்லையென்றால், அது கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ, இரண்டில் எது முந்தியதோ அதுவரை, மிகை எண்ணிக்கைப் பணியிடத்தில், அதாவது அவருக்கென்றே கூடுதலாக உருவாக்கும் இடத்தில், வைத்திருக்க வேண்டும். ஓட்டுநராக இருந்தவர் புலம் சுருங்கியதும் பயந்து விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிக் கொடுப்பதற்கு முன் இந்தப் பிரிவைப் படித்துவிட வேண்டும். தாமாகவே விலகியவருக்கு இந்தப் பாதுகாப்பைக் கோருவது கடினம்.

தற்காலிகச் சான்றிதழ் பெற்றவர் கெடு முடியும் முன்பே மறுமதிப்பீட்டுக்குச் செல்லும்போது, புதிய புல அறிக்கையோடு பழையவற்றையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்ல வேண்டும். அறிக்கைகள் மருத்துவமனைக் கோப்பிலேயே தங்கிவிடுவது வழக்கம் என்பதால், ஒவ்வொரு முறையும் பரிசோதனை முடிந்த அன்றே ஒரு நகல் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.