வீடியோ ஒட்டுக்கா வர்றதில்லைங்க

தாளவாடி மலைப்பக்கம் தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு சொட்டுநீர் வீடியோ ஒண்ணை சத்தியமங்கலத்துல நல்ல நெட் கிடைக்கறப்பவே கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சுக்கோணும்னு இருக்கும், ஆனா ரைட் கிளிக் பண்ணுனா நெறைய சைட்டுல சேவ்ங்கறதே வராது, லிங்க்கைத் தேடுனா ‘ப்ளாப்’னு ஆரம்பிக்கற ஏதோ ஒண்ணு நிக்கும். அது வெளிய இருக்கற அட்ரஸே இல்லைங்க, பிரவுசர் தனக்குள்ள வெச்சுக்கற குறி, டேப்பை மூடுனா அதுவும் போச்சு.

ஏன்னா வீடியோ சைட்டுல இருந்து ஒரே ஃபைலா வர்றதில்ல. 2009ல ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில வீடியோவைத் துண்டு துண்டா நறுக்கி வெச்சுடறாங்க, துண்டு ஒண்ணு 6 செகண்டுன்னா ஒரு மணி நேரத்துக்கு 600 துண்டு. எதுக்கப்பறம் எதுங்கறது எம்3யு8ங்கற சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கும். இதையே 360, 720, 1080னு பல தரத்துல தனித்தனியா நறுக்கியிருப்பாங்க, அதனாலதான் பஸ்ஸுல போறப்ப சிக்னல் கொறஞ்சா படம் மங்குது, ஆனா பெரும்பாலும் நிக்கறதில்ல, பிளேயர் அடுத்த துண்டைக் கம்மி தரத்துல எடுத்துக்குது. நெம்ப அருமையான யோசனைங்க இது. 2012ல வந்த டாஷ்ங்கற இன்னொரு முறையும் இதே வழிதான்.

இன்னொண்ணு, யூடியூப்ல 1080 தரத்துக்குப் படம் தனி, சவுண்டு தனி. திருப்பூர்ல பாடி, கை, காலர்னு தனித்தனிக் கட்டா வந்து கடைசில தைக்கற மாதிரி, ஒய்டி-டிஎல்பி மாதிரி டூல் துண்டு எங்கெங்க இருக்குங்கற லிஸ்டைப் படிச்சு எல்லாத் துண்டையும் எடுத்துட்டு வரும், எஃப்எஃப்எம்பெக்ங்கற இன்னொரு டூல் அதைச் சேர்த்துக் குடுக்கும். இதுல படத்தை மறுபடி என்கோடு பண்றதில்ல, அதாவது புதுசா அமுக்கறதில்ல, இருக்கறதை அப்படியே ஒட்டறதுதான், அதனால தரம் துளியும் கொறயாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் பண்ணுனா மறுபடி அமுக்கறதால தரமும் போகும், ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு மணி நேரம் உக்காரவும் வேணும், அது எனக்குப் புடிக்காத வழி.

நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி எடத்துல துண்டையெல்லாம் பூட்டியே அனுப்பறாங்க, வைட்வைன் மாதிரி டிஆர்எம், அதாவது காப்பி எடுக்கறதைத் தடுக்கற பூட்டு முறை, அந்தச் சாவியை நம்ம கையில குடுக்காது, அங்க ஆப்புல இருக்கற டவுன்லோடு பட்டன்தான் வழி. மத்த எடத்துலயும் வீடியோ போட்டவங்க அனுமதி இருக்கான்னு பாத்துக்கோணுங்க, அவங்க உழைப்பு அது.

லிங்க்கை மட்டும் காப்பி பண்ணி வெச்சு நாளைக்கு இறக்கிக்கலாம்னு இருந்துடாதீங்க, பல சைட்டுல அந்தத் துண்டு லிங்க்கெல்லாம் கொஞ்ச நேரத்துல காலாவதி ஆயிரும்.