நடுக்காலில் 5 வோல்ட் கொடுக்காதீர்கள்

இந்த மாதத்தில் மட்டும் நான்காவது பெடல் என் மேசைக்கு வந்திருக்கிறது. வீட்டிலேயே பிளைவுட்டில் ஆர்கேட் கேபினட் செய்து, அவுட்ரன் போன்ற பழைய கார் விளையாட்டுகளுக்காக ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் பொருத்திய இளைஞர் ஒருவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். பெடல் அச்சில் மாட்டியிருந்த பொட்டென்ஷியோமீட்டரின் (ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலில் இருக்கும் அதே மூன்றுகால் பாகம்; பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டுவது) தகர மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் கரித்தடத்தின் ஒரு நுனி கருகி உரிந்திருந்தது. முன்பு வந்த மூன்றிலும் இதே கதைதான். காரணம் கேட்கும் தேவையே இருக்கவில்லை. 5 வோல்ட் வரும் சிவப்பு ஒயர் நடுக்காலில் பற்றவைக்கப்பட்டிருந்தது.

“வால்யூம் கன்ட்ரோலுக்கு பிளஸ், மைனஸ் கிடையாதே அண்ணா, எப்படிக் கொடுத்தால் என்ன?” என்றார். முந்தைய மூவரும் இதையேதான் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. இரண்டு ஓரக்கால்களை இடம் மாற்றிக் கொடுத்தால் எதுவும் கெடாது. பெடலை விட்டால் வண்டி பறக்கும், மிதித்தால் நிற்கும், அவ்வளவுதான். ஒயர்களை மாற்றிப் பற்றவைக்கலாம், அல்லது பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் ‘மேம்’ மென்பொருளின் அமைப்புகளில் அந்த அச்சைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சலுகை ஓரக்கால்களுக்கு மட்டுமே உரியது. 5 வோல்ட்டும் கிரவுண்டும் இரு ஓரங்களில் இருக்கும்போது அவற்றுக்கிடையே 5 கிலோ ஓம் தடம் முழுவதும் நிற்கிறது. பெடல் எந்த நிலையில் இருந்தாலும் 1 மில்லி ஆம்பியர்தான் ஓடும். நடுக்கால், தடத்தின் மேல் நகரும் முள்ளோடு இணைந்தது; அந்த முள் தொட்டிருக்கும் இடத்தின் வோல்டேஜை, பெடலைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி போர்டுக்குச் சொல்கிறதே தவிர, கரண்டைச் சுமப்பதில்லை.

அந்த நடுக்காலுக்கே 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டால், அதற்கும் கிரவுண்டுக்கும் இடையில் எவ்வளவு தடம் மிஞ்சும் என்பதை உங்கள் பாதம் தீர்மானிக்கத் தொடங்குகிறது. 100 ஓம் மிஞ்சும்போது 50 மில்லி ஆம்பியர் ஓடி, 0.25 வாட் வெப்பம் முழுவதும் நகநுனி அகலமான கரித்தடத்தில் இறங்குகிறது. அதற்கும் கீழே போனால் நேரடி ஷார்ட். கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட் தானாக அணைந்து தப்பித்துக்கொண்டால் அது உங்கள் அதிர்ஷ்டம். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. இப்படி இணைத்த பெடல் திரையில் எப்போதும் உச்ச அளவான 1023 என்றே காட்டும். பெடல் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதிப்பார்கள்; மிதிக்கும்போது முள் நகரும் பக்கத்து நுனியில் கிரவுண்ட் இருந்தால், மிதிக்க மிதிக்க முள் போய்ச் சேர்வது எரியும் இடத்துக்குத்தான்.

சிலர் இரண்டே ஒயர்களோடு வருகிறார்கள். 1981இல் ஐபிஎம் கொண்டுவந்த, ஜாய்ஸ்டிக் செருகும் கேம்போர்ட்டுக்கு அது சரி. 100 கிலோ ஓம் வழியாக ஒரு கெப்பாசிட்டர் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை அது அளந்தது. அதற்காக வரைந்த படங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இன்றைய யூஎஸ்பி போர்டு அளப்பது வோல்டேஜை. அதற்கு மூன்று ஒயர்களும் வேண்டும்.

நடுவில் இருப்பதெல்லாம் நடுக்கால் என்று நம்பாதீர்கள். சில நீள்வடிவ வகைகளில் அது ஓரத்தில்கூட இருக்கும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, அச்சைத் திருப்பினாலும் அளவு மாறாத இரண்டு கால்களைக் கண்டுபிடியுங்கள். மிஞ்சும் ஒன்றுதான் சிக்னல் கால். பற்றவைத்த பின், போர்டில் செருகுவதற்கு முன், 5 வோல்ட் ஒயருக்கும் கிரவுண்ட் ஒயருக்கும் இடையே மீட்டரை வைத்துக்கொண்டு பெடலை அடிவரை மிதித்துப் பாருங்கள். மீட்டரில் எண் அசையவே கூடாது. அசைந்தால் செருகாதீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை அந்த நால்வரில் ஒருவர்கூடச் செய்யவில்லை.

கடையில் பொட்டென்ஷியோமீட்டரை பி5கே அல்லது பி10கே (5 அல்லது 10 கிலோ ஓம், சீராக ஏறும் வகை) என்று கேட்டு வாங்குங்கள். ஏ என்று குறித்தவை ஒலி அளவுக்கானவை, அவற்றில் ஆக்சிலரேட்டர் சீராக ஏறாது. யூஎஸ்பி போர்டாக ராஸ்பெர்ரி பை பிக்கோவை வைத்திருப்பவர்கள் 5 வோல்ட்டைத் தொடவே வேண்டாம். அதன் அனலாக் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பெடலோடு சேர்ந்து ஆடும் ஒயருக்கு ஒற்றைக் கம்பி போட்டால் சில வாரங்களில் முறியும். பலபுரி ஒயரைப் போட்டு, பற்றவைத்த இடத்தை இழுக்காதபடி டையால் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். நம் வீடுகளில் இந்தப் பெடலை வெறுங்காலோடுதான் மிதிப்போம், அதுவும் பெரும்பாலும் குழந்தைகள். அதே பெட்டிக்குள் 230 வோல்ட் வரும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) இருக்கிறது. அதன் எர்த் முனையையும் பெடலின் இரும்புத் தகட்டையும் பச்சை ஒயரால் இணைத்து, மூன்று முள் பிளக்கில், எர்த் உண்மையிலேயே வேலை செய்யும் சாக்கெட்டில் மாட்டுங்கள். தகட்டைத் தொட்டால் விறுவிறுவென்று இருக்கிறது என்றால் அது பெடலின் குணமல்ல; உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டிய அறிகுறி.

இந்த இளைஞர் காட்டிய புகைப்படத்தில் பச்சை ஒயர் நறுக்கப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. புதிய பொட்டென்ஷியோமீட்டரை அன்றே மாட்டிவிட்டேன்; பெடலை மட்டும், எர்த் இணைத்த படத்தை அவர் அனுப்பிய பிறகே கொடுத்தேன்.