வனைய வருமுன் என்ன வேலை பார்த்தீர்கள்?

வனையக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்களுடைய பழைய வேலையைப் பற்றித்தான். ஓவியர், செவிலியர், மென்பொருள்காரர், கட்டடக் கலைஞர் என்று பலரும் வருகிறார்கள். பழைய தொழிலில் கை பழகியது சக்கரத்தடியிலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் எதில் அசட்டையாக இருப்பார் என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

வேறு தொழிலிலிருந்து இங்கே வருவது புதிதல்ல. பின்னாளில் மட்பாண்டக் கலைஞராகப் பேர்பெற்ற ஹான்ஸ் கோப்பர் ஜவுளிப் பொறியியல் படித்தவர். 1946இல் லண்டனில் மட்பாண்டக் கலைஞர் லூசி ரீயின் பட்டறைக்குப் பொத்தான் செய்யப் போனபோது அவருக்கு மட்பாண்ட அனுபவமே கிடையாது. டைல்களுக்குப் பேர்போன ஹென்றி மெர்சர் சட்டம் படித்துத் தொல்லியலுக்குப் போனவர். டெட்ராய்ட்டில் பெவாபிக் மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய மேரி சேஸ் பெர்ரி, பீங்கானில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய கூட்டாளி கால்கின்ஸ் பல் மருத்துவப் பொருட்கள் விற்றவர்; பல் எனாமலைச் சுட அவர் உருவாக்கிய சூளைதான் அங்கே பாண்டம் சுட உதவியது.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் டைல் கலைஞர் வில்லியம் டி மார்கன். வண்ணக் கண்ணாடி வேலையில் வெள்ளி தந்த மினுமினுப்பைக் கவனித்துத்தான் அவர் டைலில் உலோகப் பளபளப்பைத் தேடினார். அதே மனிதர் வீட்டிலேயே சூளை போட்டு, 1872இல் கூரையையும் எரித்துவிட்டார். கண்ணாடித் தொழில் கொடுத்த கண் அவரிடம் இருந்தது. சூளை வைக்கிற அறையைப் பற்றிய பாடம் அதில் இல்லை.

அந்த இல்லாத பாடம்தான் என் கவலை. ஓவியர்களுக்கு நிறம் சட்டென்று பிடிபடும். ஆனால் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இங்கே அந்தத் தூரிகையில் இருப்பது மாங்கனீஸோ கோபால்ட்டோ, வாய்க்குள் போகக் கூடாத உலோக நிறமிகள். ஆய்வகத்திலிருந்து வருபவர்களுக்கு டப்பாவில் பெயர் எழுதி ஒட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசாத பாண்டங்களைத் திறந்த வெளியில் ஈர மண்ணில் வனைந்து வளர்ந்தவருடைய கைத்திறமைக்குப் பக்கத்தில் நாங்கள் யாரும் நிற்க முடியாது. ஆனால் மூடிய அறையில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிம மாவு மூட்டைகளைப் பிரிப்பது அவருக்கும் புதுசு.

அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலின் அடிவரை போகிற துகள் கண்ணுக்குத் தெரியாது. பல வருடம் சுவாசித்தால் தழும்பேறி சிலிகோசிஸ் வரும், வந்தால் திரும்பாது. அதனால் பட்டறையில் விளக்குமாறு கூடாது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். காய்ந்த பாண்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் சீர் செய்யுங்கள். பொடி கலக்கும்போது முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் துகள்வடிப்பு முகக்கவசம் வேண்டும். கைக்குட்டை கட்டுவது மனத்திருப்திக்குத்தான். சூளை எரியும் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள், அதன் புகை வெளியே போக வழி இருக்கட்டும்.

அப்புறம் கிளேஸ். அலங்கார டைலில் ஆரம்பித்தவர்கள் கோப்பை செய்யத் தொடங்கும்போது நான் கொஞ்சம் கூடுதலாகவே நச்சரிப்பேன். சுவரில் மாட்டும் டைலுக்கு பேரியம் என்ற நச்சு உலோகம் கலந்த மங்கல் பூச்சு அழகாக இருக்கும். அதையே கோப்பையின் உள்பக்கம் பூசினால் பானத்தோடு கசியலாம். காரீயம் கலந்த பூச்சில் செம்பும் சேர்ந்தால் காரீயம் இன்னும் எளிதாக வெளியேறும்.

எலுமிச்சைச் சாறையோ வினிகரையோ ஓர் இரவு ஊற்றி வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அந்தப் பூச்சு உணவுக்கு ஆகாது. மாறவில்லை என்பதற்காகத் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. காரீயம் நிறம் காட்டாமலே கசியும், அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம்தான் வழி. கையால் செய்த கோப்பை வாங்குபவர்களும் உள்பூச்சு என்ன, எங்கே சோதித்தீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தால், பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் அதில் குடிக்காமல் பேனா போட்டு வையுங்கள்.