கனெக்ட் ஆனதும் வேலை முடிந்துவிடுவதில்லை

பிஎல்சியிடமிருந்து (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தரவு வாங்கும், சி மொழியில் எழுதிய நிரல் ஏதாவது என்னிடம் பரிசோதனைக்கு வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எதிர்முனை சத்தமில்லாமல் போய்விட்டால் இது என்ன செய்யும்?

பெரும்பாலான நிரல்கள் காத்துக்கொண்டே இருக்கும். மாட்பஸ் டிசிபி என்பது பிஎல்சியோடு நெட்வொர்க் வழியாகப் பேசும் முறை. அதில் சாக்கெட் (இணைப்பின் நம் பக்க முனை) திறந்து, 502-ஆம் போர்ட்டுக்கு கனெக்ட் செய்து, ரெஜிஸ்டரை (பிஎல்சி மதிப்புகளை வைத்திருக்கும் இடம்) படிப்பது சில வரி வேலை. மேசையில் நன்றாகவே ஓடும். ஆலையில் நடுவிலுள்ள ஸ்விட்சுக்கு மின்சாரம் நின்றால், இணைப்பு போன செய்தி இந்தப் பக்கம் வரவே வராது. பதிலை வாங்கும் ரிசீவ் அழைப்பு அப்படியே நின்றுவிடும். எதிர்முனை இருக்கிறதா என்று அவ்வப்போது விசாரிக்கும் கீப்அலைவ் போட்டிருக்கிறோமே என்பார்கள். லினக்ஸில் அதன் இயல்பு அளவு 7200 விநாடி. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் விசாரிப்பே போகும்! அதுவரை திரையில் பழைய வெப்பநிலை நிற்கும். அதை நம்பி ஒருவர் வால்வைத் திறப்பார். எனக்குப் பயமே இதுதான்.

அதனால் ஒவ்வொரு காத்திருப்புக்கும் கெடு வையுங்கள். கனெக்டுக்கும் சேர்த்துத்தான்: சாக்கெட்டை நான்-பிளாக்கிங் (காத்து நிற்காமல் உடனே திரும்பும் வகை) ஆக்கி, சாக்கெட் தயாரா என்று பார்க்கும் poll() அழைப்பில் நேரம் கொடுத்து, பிறகு சாக்கெட்டின் பிழைக்குறியையும் பாருங்கள். லிப்மாட்பஸ் நூலகம் பதிலுக்கு இயல்பாகவே 500 மில்லிவிநாடிதான் காத்திருக்கும். கெடு தாண்டினால் இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. இல்லையென்றால் தாமதமாக வந்த பதிலை அடுத்த கேள்விக்கான பதில் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு; கேள்வியிலும் அதன் பதிலிலும் ஒன்றாக இருக்கும் பரிவர்த்தனை எண்ணை ஒப்பிடாத நிரலில் இது நடந்தே தீரும்.

அப்புறம், ஒரே ரிசீவில் முழுப் பதிலும் வரும் என்று எண்ண வேண்டாம். முதல் 6 பைட்டும் சேரும்வரை படியுங்கள். அதிலுள்ள நீளம் (இன்னும் எத்தனை பைட் வர வேண்டும் என்ற எண்) 254-ஐத் தாண்டவில்லை என்று சரிபார்த்த பிறகே மீதியைப் படியுங்கள். அந்தச் சோதனை இல்லாத இடத்தில், பதிலுக்கு ஒதுக்கிய நினைவகமான பஃபர் நிரம்பி வழியும்.

படித்த ஒவ்வொரு மதிப்போடும் படித்த நேரத்தையும் சேமியுங்கள். அது பழையதாகிவிட்டால் திரையில் எண்ணையே காட்டாதீர்கள், "தொடர்பு இல்லை" என்று காட்டுங்கள்.

இன்னொன்று: வழக்கமான மாட்பஸில் கடவுச்சொல் கிடையாது. 502-ஐ எட்ட முடிந்த எவரும் ரெஜிஸ்டரில் எழுதலாம். அந்த போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது.