ஏற்காடு ஏறுனவங்க யாரும் என்கிட்ட வர்றதில்ல, இறங்குனவங்கதான் வர்றாங்க

எங்க கிளினிக் முதல் மாடில இருக்கு, லிஃப்ட் கிடையாது, பதினெட்டு படி. பிசியோதெரபி சென்டரை மாடில வச்சிருக்கீங்களேன்னு எல்லாரும் திட்டுவாங்க, வாடகை கம்மிங்க அதான். ஆனா இத்தனை வருஷத்துல அந்தப் படிக்கட்டு எனக்குப் பாதி வேலைய மிச்சம் பண்ணிருக்கு. ஆள் எப்படி ஏறி வர்றார்னு நான் பாக்கறதில்ல, எப்படி இறங்கிப் போறார்னுதான் பாப்பேன்.

போன வருஷம் ஒரு தம்பி வந்தார், வயசு இருபத்தாறு இருபத்தேழு இருக்கும், ஐடில வேலை. ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட ஏற்காட்டு சேர்வராயன் கோயில் வரைக்கும் நடந்தே ஏறி நடந்தே இறங்கியாச்சு, 5,300 அடிக்கு மேல இருக்கு அந்த உச்சி. திங்கக்கிழமை லேசா வலி, செவ்வாய்க்கிழமை காலைல பாத்ரூம்ல உக்கார முடியல. என்கிட்ட வரும்போது ஜம்முன்னு ஏறி வந்துட்டார், பேசிட்டுத் திரும்பிப் போறப்ப முதல் படில நின்னவர் கைப்பிடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அப்படியே திரும்பி, ஏணில இறங்கற மாதிரி பின்பக்கமா இறங்குனார். “ஏறுறப்ப ஒண்ணுமே இல்லீங்க மேடம், ஏன் இப்படி?”ன்னு கீழ இருந்து கேட்டார்.

ஏறும்போது தொடை முன்பக்கத் தசை சுருங்கி நம்மள மேல தூக்குது. மூச்சு வாங்கும், வேர்க்கும், நாக்கு தள்ளும், ஆனா அது தசைக்குப் பழக்கமான வேலைதான். இறங்கும்போது அதே தசை நீண்டுக்கிட்டே எடையத் தாங்கணும், ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு பொத்துன்னு விழாம பிரேக் பிடிக்கணும். அதுல தசைக்குள்ள நுணுக்கமா கிழிசல் விழுது, அந்த வலி உடனே தெரியாது, ஒரு நாள் விட்டு ரெண்டு மூணு நாளைக்குள்ளதான் உச்சத்துக்குப் போகும். முழங்கால் மூட்டுச் சில்லு மேலயும் படி இறங்கறப்ப உடம்பு எடைய விட சுமார் மூணு மடங்கு அழுத்தம் வரும். மூச்சு வாங்காததால நமக்கு அது கஷ்டமான வேலைன்னே தோணாது, மேல போயாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு சர்ருனு ஓடி வர்றோம்.

சைக்கிள்ல வர்றவங்களுக்கும் இதே கதைதான், என்ன, அங்க பிரேக் பிடிக்கறது ரப்பர் கட்டையும் நம்ம விரலும். சேலத்துல அஸ்தம்பட்டி கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட்ல இருந்து மேல ஏரி வரைக்கும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு. எழுபது கிலோ ஆளு, சைக்கிள் பையோட சேத்து எண்பத்தஞ்சு கிலோன்னு வச்சுக்கோங்க, அந்த உயரத்துல இருந்து மெதுவா பிரேக் பிடிச்சுக்கிட்டே இறங்குனா வர்ற சூடு ரெண்டரை லிட்டர் பச்சத்தண்ணியக் கொதிக்க வைக்கப் போதும். காத்துல கொஞ்சம் போகும், மிச்சமெல்லாம் அந்தச் சின்ன ரப்பர் கட்டைலயும் ரிம்லயும்தான் இறங்குது. நடுவுல நிறுத்தறப்ப ரிம்ம விரலால தொட்டுப் பாக்காதீங்க, தொட்டுட்டு வந்த ஒருத்தருக்கு பர்னால் போட்டு அனுப்பிருக்கேன்.

அதனால பிரேக்க விடாம அழுத்திக்கிட்டே வரக்கூடாது. வளைவுக்கு முன்னாடியே முன்னும் பின்னும் சேத்து நல்லா பிடிச்சு வேகத்தக் குறைச்சுட்டு, வளைவுக்குள்ள விட்டுடணும், வெளிப்பக்கத்து பெடல் கீழ இருக்கணும், உக்காந்திருக்கறது சீட்டுக்குப் பின்னாடி தள்ளி இருக்கணும். பஸ் வந்தா வளைவு முழுசும் அதுக்குத்தான், ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, இதுல ரோஷமெல்லாம் வேண்டாம்.

என் கதையையும் சொல்லிடறேன், இல்லன்னா ஊருக்கு உபதேசம்னு ஆயிடும். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நவம்பர் மாசம், மேல ஏரிக்கிட்ட மிளகாய் பஜ்ஜி சாப்ட்டு ஒரு மணி நேரம் அரட்டை அடிச்சுட்டு வேர்வைல நனைஞ்ச டீஷர்ட்டோடயே இறங்குனேன். ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரிக்கு மேல குளிர் வித்தியாசம் இருக்கும்னு தெரியும், கூட எதிர்க்காத்து, ஈரத்துணி, மேகம் வேற இறங்கிடுச்சு. அஞ்சாறு வளைவு வந்ததுமே சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போச்சு, லிவர் அழுத்தறேன்னு மனசு நினைக்குது, விரல் அழுத்தல. அடுத்த வளைவுல ரோட்டோர வாய்க்கால்ல போய் விழுந்தேன், நல்லவேளை மலைப்பக்கம். கைய ஊனி விழுந்ததுல மணிக்கட்டு எலும்புல விரிசல், ஆறு வாரம் கட்டு. பேஷண்டுகளுக்குப் பயிற்சி சொல்லிக்குடுக்கற நானே இடது கைல சீட்டு எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன், எங்க வீட்டுக்காரர் சிரிச்சது இன்னும் காதுல கேக்குது.

அன்னைல இருந்து பைல ஒரு காஞ்ச பனியனும் ஒரு மெல்லிசு ஜாக்கெட்டும் கட்டாயம், மேல போனதும் மாத்திக்கிட்டுத்தான் பஜ்ஜி. கை சின்னதா இருக்கறவங்க, முக்கியமா பொண்ணுங்க, பிரேக் லிவர்ல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதத் திருப்புனா லிவர் கைப்பிடிக்குக் கிட்ட வரும், கடைக்காரர்கிட்ட சொன்னா ரெண்டு நிமிஷ வேலை. நாலஞ்சு வளைவுக்கு ஒரு தடவ நின்னு கைய உதறுங்க, ரிம்முக்கும் ரெஸ்ட். யாராவது விழுந்து தலைல அடி, மயக்கம்னா ஆள உக்கார வச்சுத் தண்ணி குடுக்காம 108க்கு அடிங்க, ரோட்டு விபத்துன்னா முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவ அரசாங்கமே ஏத்துக்கற திட்டம் நம்ம தமிழ்நாட்டுல 2021ல இருந்து இருக்கு, பணத்துக்கு யோசிச்சு நேரத்த விடாதீங்க.

ஏறுறதுல வர்ற வலி ஒண்ணே ஒண்ணு உண்டு, மூட்டுக்கு முன்பக்கம் வலிக்கறது, அதுக்கு நூத்துக்குத் தொண்ணூறு காரணம் சீட்டு தாழ்வா இருக்கறதுதான்னு நான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கால் தரைல பாவணும்னு இறக்கி வச்சுக்கறாங்க. பெடல் அடில இருக்கும்போது குதிகால அதுமேல வச்சா முழங்கால் நேரா நிக்கணும், அவ்ளோதான் கணக்கு. கியர கனமா வச்சு இழுத்து மிதிக்கறதையும் விடுங்க.

நடக்கறவங்க விஷயத்துக்கு வர்றேன். புரட்டாசி சனிக்கிழமை கஞ்சமலை கரியபெருமாள் கோயில், அப்புறம் வெள்ளியங்கிரி சீசன், இது ரெண்டும் முடிஞ்ச வாரம் எங்க சென்டர்ல உக்கார சேர் பத்தாது. இதுல கவனிச்சது என்னன்னா, வெள்ளியங்கிரில மூங்கில் தடி வாங்கி ஊனிட்டுப் போறவங்களுக்கு மூட்டு அவ்ளோ மோசமாகறதில்ல. பாட்டிங்களுக்குத் தெரிஞ்ச வித்தை. எஸ்டேட் பாதைல சில்வர் ஓக் இலை மெத்தை மாதிரி கொட்டிக் கிடக்கும், மழை பேஞ்சா வழுக்கும், அங்க தடி மூணாவது கால். எட்டு சின்னதா வைங்க, முழங்கால விறைப்பா நீட்டாம லேசா மடக்கி வைங்க, ஷூ லேச கணுக்கால்கிட்ட இறுக்கிக் கட்டுனா கட்டைவிரல் நகம் கருக்காது. அப்புறம், காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம குறுக்குப் பாதைல நுழையாதீங்க, சேர்வராயன் மலைல காட்டெருமை இருக்கு, 2018 மார்ச்ல குரங்கணில காட்டுத்தீ என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

கால் பிசகிடுச்சுன்னா உடனே எண்ணெய் போட்டு உருவி விட ஆள் வந்துடுவாங்க, வேண்டவே வேண்டாம். ஐஸ் வைங்க, கால உயரமா வைங்க. நாலு எட்டு கூட வைக்க முடியலன்னா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்.

இன்னொண்ணு, இதுல வெக்கப்படக்கூடாது. மலை இறங்குன மறுநாளோ அதுக்கு மறுநாளோ ஒண்ணுக்கு டீ டிகாஷன் கலர்ல போனா, தொடை கல்லு மாதிரி வீங்கியிருந்தா, என்கிட்ட வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தசை உடைஞ்சு அந்தக் கழிவு கிட்னிக்குப் போகுதுன்னு அர்த்தம். மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் படுத்துட்டா கிட்னிக்கு இன்னும் கேடு.

பயிற்சி ஒண்ணும் பெருசா இல்ல. வீட்டுப் படில ஒரு கால் மேல, இன்னொரு கால மூணு எண்ணி மெதுவா கீழ இறக்கி குதிகால் தரையத் தொட்டதும் மறுபடி மேல, ஒரு காலுக்குப் பத்து தடவ, வாரத்துக்கு மூணு நாள், நாலஞ்சு வாரம். தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஒரு தடவ அளவா இறக்கத்துல வேலை வாங்கிட்டா அத சில வாரம் வரைக்கும் ஞாபகம் வச்சுக்கும், அடுத்த தடவ அவ்ளோ அடி வாங்காது. அதனால ஏற்காட்டுக்கு முன்னாடி சின்னதா ஒரு கரடு ஏறி மெதுவா இறங்கிட்டு வந்தா போதும்.

அந்தத் தம்பியும் இத அஞ்சு வாரம் செஞ்சார், எங்க படிக்கட்டுலயேதான், கீழ கடை வச்சிருக்கற அண்ணன் எண்ணிச் சொல்லுவார். போன மாசம் மறுபடி சேர்வராயன் கோயில் போய்ட்டு செவ்வாய்க்கிழமை வேணும்னே என்னப் பாக்க வந்தார், போறப்ப நான் வாசல்ல நின்னு பாத்தேன், நேரா முகம் காட்டித்தான் இறங்குனார், பதினாலாவது படில மட்டும் கைப்பிடிய லேசா தொட்டுக்கிட்டார்.